மண்டியாகிப் போன மரப்பாலம்

அமெரிக்காவுக்குக் கம்ப்யூட்டர் வேலைக்குப் போன புதிதில், கூட வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காரில் ஏற்றிக்கொண்டுபோய் ஒரு மரப்பாலத்தைக் காட்டினார். நூறு வருஷத்துக்கும் மேல் பழசாம். மேலே கூரை வேறு. மனிதன் நனையலாம், பாலம் நனையக் கூடாது என்று கட்டியிருக்கிறார்கள். எங்கள் ஊர் பாகாலாவில் அவ்வளவு மரம் சும்மா கிடந்தால் யார் வீட்டுக் கல்யாணத்திலாவது அடுப்புக்குப் போயிருக்கும். இவர்கள் பெயர்ப்பலகை வைத்து, பெஞ்சு போட்டு, கோயிலுக்குள் போவது போல மெதுவாக நடக்கிறார்கள். நானும் பக்தியோடு ஒரு முழு ஃபிலிம் ரோலைத் தீர்த்தேன்.

அதில் பாலத்தின் முன்னால் நான் நிற்கும் படத்தை ஊருக்கு அனுப்பினேன். காரணம் இருந்தது. பங்காருபாளையத்தில் மாங்காய் மண்டி வைத்திருந்தவரின் மகளை, கிளம்பும் முன் பெண் பார்த்திருந்தேன். எனக்கு ரொம்பவே பிடித்துவிட்டது. அவள் அப்பாதான் பிடி கொடுக்கவில்லை. "இன்னா வேலைன்னே புரியல. கண்ணால பாக்கறாப்ல எதுனா இருந்தா சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டார்.

அடுத்து எங்கள் தெரு எஸ்.டி.டி. பூத்துக்குப் பேசியபோது அம்மா கத்தினாள். "காரு பக்கத்துல நின்னு எடுத்துக்காம, இன்னாடா இது மாட்டுக்கொட்டாய்?"

அப்பா போனை வாங்கினார். குரல் இறங்கியிருந்தது. "போட்டோவப் பாத்து பொண்ணோட நைனா ஒத்துக்கினாருடா. நீ அங்க மண்டி வச்சிக்கினு கீறேன்னு நெனச்சிக்கினாரு. மேல கூரை, ரெண்டு பக்கமும் தொறந்துக்கினு கீது, லாரி இந்தாண்ட பூந்து அந்தாண்ட போவலாம்னு ஒரே சந்தோசம். நான் வாயத் தொறக்கல."

பட்டம், விசா, டாலர் எதனாலும் ஆகாததை ஒரு கூரை சாதித்தது. கல்யாணத்தன்று மாமனார் அமெரிக்காவில் மாங்காய் விலை எப்படி என்று விசாரித்தார். "பரவாயில்ல மாமா" என்றேன். ஆனால் மண்டிக்காரன் என்று நம்பி வருகிறவளிடம் என்ன சொல்வது?

அவள் அமெரிக்கா வந்த முதல் ஞாயிறே அந்தப் பாலத்துக்கு அழைத்துப்போனேன். "இதுதான் அந்த மண்டி" என்றேன், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

அவள் மரக் கைப்பிடியில் சாய்ந்து கீழே ஆற்றைப் பார்த்தாள்.

"போட்டோலயே ஓரத்துல தண்ணி தெரிஞ்சிதே. பாலம்னு தெரியாம இன்னா? நைனா கண்ணாடி போட்டுக்காம, இது இன்னாம்மான்னு கேட்டாரு. நாந்தான் மண்டின்னேன். இல்லன்னா உங்களுக்கு எங்க குடுத்திருப்பாரு?"