ஆட்டத்துக்குப் பிறகான பேச்சு

கண்ணாடிக்கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவள் வேலை. இயந்திரம் ஓடும்போது பேச முடியாது. நின்ற பிறகு பேச ஆளில்லை. வீட்டிலும் அதே கதைதான். தங்கை மட்டும் ஞாயிறுதோறும் போன் செய்வாள்.

"மறுபடியும் அந்த செஸ் கட்டையோட மல்லுக்கட்டுறியாக்கா?"

"போட்டி வருதுடி."

"ஜெயிச்சா என்ன குடுப்பாங்க?"

"ஒண்ணும் குடுக்க மாட்டாங்க."

"நல்ல பொழப்பு!"

ஜெயிப்பது பெரிதில்லை என்று தங்கையிடம் எப்படிச் சொல்வது? சதுரங்க மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் இருவரும் காய்களை மறுபடி அடுக்கி, எங்கே கோட்டைவிட்டோம் என்று பேசுவார்கள். போன வருடம் அவளைத் தோற்கடித்த டாக்சிக்காரர், "ஏம்மா, இந்தக் குதிரைக்குக் கால்கட்டு போட்டுட்டியா?" என்று ஆரம்பித்து, காவலாளி விளக்கை அணைக்கும்வரை பேசினார். அவளும் பேசினாள். தனக்கு இவ்வளவு பேச வரும் என்று அன்றுதான் அவளுக்கே தெரிந்தது. இந்த வருடமும் முதல் சுற்றில் அவரேதான்.

அந்தப் பழைய ஆட்டத்தைப் பலகையில் வைத்து வைத்துப் பார்த்தாள். இந்தமுறை அவருக்குக் கறுப்புக் காய். கறுப்பு என்றால் அவர் காரோ-கான் என்ற தொடக்க முறையை விடமாட்டார். தொடக்கத்தை யோசிக்காமல் கடகடவென்று ஆடுவார். ஐந்தாவது நகர்த்தலில் ராணியை ராஜாவுக்கு முன்னால் வைத்தால்? விசித்திரமான இடம், சொந்த மந்திரிக்கே வழி அடைபடும். அதில் ஒரு பொறியும் இருந்தது. அவர் அதில் விழமாட்டார். நின்று யோசிப்பார், ஆட்டம் நீளும், பேச நிறைய இருக்கும். பிளாஸ்கில் தேநீரும் இரண்டு கோப்பைகளும் எடுத்துக்கொண்டு போனாள்.

ராணியை வைத்தாள். அவர் பழக்கதோஷத்தில் இரண்டாவது குதிரையை வெளியே கொண்டுவந்து, கடிகாரத்தைத் தட்டினார். நேரே பொறிக்குள் விழுந்திருந்தார்.

அவள் கை மடியிலேயே கிடந்தது. வேறெதையாவது நகர்த்திவிடலாமா? அது அவரைச் சின்னப்பிள்ளையாக நடத்துவது போலாகும். குதிரையைத் தூக்கி வைத்தாள். செக்மேட். கறுப்பு ராஜாவுக்கு நகர இடமில்லை. அந்தக் குதிரையை வெட்ட வேண்டிய சிப்பாயோ, அசைந்தால் அவள் ராணிக்கு ராஜா நேரே மாட்டும் என்பதால் நகர முடியாமல் நின்றது.

அவர் காது சிவந்தது.

"உக்காந்த எடம்கூட சூடாகல, அதுக்குள்ள என்னை மூட்டை கட்டிட்டியேம்மா!"

"அண்ணே, ஒருதரம் வச்சுப் பாக்கலாமா?"

"இதுல பேச என்ன இருக்கு? நான் ஒரு அவசரக்குடுக்கை, அவ்வளவுதான். சவாரிக்குப் போறேன்."

கைகுலுக்கிவிட்டு, நல்லபடியாகத்தான் போனார்.

சுற்றிலும் மற்ற பலகைகளில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அவள் பிளாஸ்கைத் திறக்கவில்லை. காய்களைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தாள். பிறகு எழுந்து எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்து, கறுப்பு வேறென்ன ஆடியிருக்கலாம் என்று பார்க்கத் தொடங்கினாள்.