காற்றைப் பற்றிய படிப்பு

தொண்ணூறுகளின் கடைசியில் நான் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தேன். அணு உலை ஒன்று வெடித்தால் கதிரியக்கத் தூசி காற்றில் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் போகும் என்று கணினியில் கணக்கிடுவதுதான் என் வேலை. அந்தச் சமயத்தில்தான் திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக்கு, ஆயக்குடியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். கூடை நிறையக் கொய்யாப்பழம் கொண்டுவந்திருந்தார்கள்.

"பொண்ணு என்னங்க படிக்குது?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

"காத்தப் பத்திப் படிக்குது" என்றார் அப்பா.

"காத்தாலைங்களா? நல்ல வேலையாச்சுங்களே!"

அப்பா மறுக்கவில்லை. எனக்குக் காது சுட்டது. அது இல்லை என்று சொல்லி, என் ஆய்வை விளக்கினேன். அந்த அம்மாவின் பார்வை என் முகத்திலிருந்து மெல்ல வயிற்றுக்கு இறங்கியது.

"கதிர்வீச்சுங்களா? நாளைக்குக் கொழந்த குட்டிக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?"

"ஐயோ, எல்லாம் கம்ப்யூட்டர்ல மட்டும்தாங்க. நான் எதையும் தொட்டதே இல்லீங்க."

திருட்டுப் பழி விழுந்தவள்போல என் குரல் கெஞ்சியது. அத்தனை பேர் நடுவில் என் உடம்புக்கு நானே நற்சான்று கொடுத்ததை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பியவர்கள் பிறகு எந்தச் சேதியும் அனுப்பவில்லை. அவர்கள் போனதும், நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்த அப்பா என்னைப் பார்க்காமலே கேட்டார்:

"நெசமாவே உனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல, தாயி?"

இத்தனை வருடப் படிப்பில் ஒருநாள்கூட அவரிடம் உட்கார்ந்து இதை நான் விளக்கியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.