கயிற்றுக்குச் சொந்தக்காரர்

பாறை முனை வந்தால் ஹாரன் அடித்துவிட்டுத்தான் திரும்புவார். எதிரே வருபவை பெரும்பாலும் நீர்க்காகங்கள். போதாக்குறைக்கு வலது கையை வேறு வெளியே நீட்டுவார். பின்னால் வருகிற அலைக்குச் சைகை காட்டுகிறாரோ என்னவோ. ஆயுள் முழுக்க பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்றபின் வாங்கிய இந்தச் சின்ன மோட்டார் படகிலும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. கரையோரத்தில் அவருக்குப் பெயரே டிரைவர்தான்.

படகுக்கு பிரேக் கிடையாது என்பது அவர் மூளைக்குத் தெரியும். வலது காலுக்கு இன்னும் தெரியாது. துறை நெருங்கினால் கால் தானாகத் தரையை மிதிக்கும். அந்த இடத்தில் பெயின்ட் தேய்ந்தே போய்விட்டது. பக்கத்தில் உட்காரும் மனைவியின் காலும் இப்போது சேர்ந்து மிதிக்கிறது. "ரெண்டு பேரு மிதிச்சும் நிக்க மாட்டேங்குது பாருங்க" என்பார் அந்த அம்மா.

இது உல்லாசப் பயணமில்லை. அந்த அம்மாவுக்குச் சிறுநீரகம் கைவிட்டுவிட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் விரிகுடாவின் அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். சாலை வழியே சுற்றினால் உடம்பு தாங்காது. "உங்களுக்குப் பாரமா இருக்கேன்ல?" என்று ஒருமுறை கேட்டுவிட்டார். "ஊர்ல உள்ளவங்க பொண்டாட்டியையெல்லாம் பஸ்ல ஏத்திட்டுப் போனேன். உன்னை ஒரு நாளாவது ஏத்துனதுண்டா? இப்பத்தான் நேர் பண்றேன்" என்றார் டிரைவர்.

இருக்கைக்கு அடியில் ஒரு நீலக் கயிறு உண்டு. போன வருடம் பனிமூட்டத்தில் நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோனது. மனைவிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. எஞ்சினோடு மல்லுக்கட்டிக் கை ஓய்ந்த நேரத்தில் அந்தக் கயிறு எங்கிருந்தோ வந்து மடியில் விழுந்தது. "முன்னாடி கட்டுங்க" என்று ஒரு குரல். மழைக்கோட்டு முக்காட்டுக்குள் முகம் தெரியவில்லை. ஆஸ்பத்திரித் துறைவரை இழுத்துக்கொண்டு வந்து விட்டார் அந்த ஆள். மனைவியைக் கைத்தாங்கலாகக் கரையேற்றிவிட்டுத் திரும்பினால் ஆளையும் காணோம், படகையும் காணோம்.

"அந்த மகராசன் வரலேன்னா நான் இன்னைக்கு ஒத்தையா உக்காந்திருப்பேன்" என்று டிரைவர் இன்னும் சொல்லிக்கொண்டிருப்பார். கயிற்றைத் துவைத்து, காயவைத்து, சுருட்டி வைத்திருக்கிறார். வலை போட்டிருக்கும் எந்தப் படகைக் கண்டாலும் வேகத்தைக் குறைத்து, கும்பிட்டுவிட்டு, "அண்ணே, இந்தக் கயிறு உங்களுதா?" என்று கேட்பார். "ஆமா, கூடவே ஒரு எஞ்சினும் இருந்துச்சே, அது எங்க?" என்று குறும்புக்காரர்கள் வம்பிழுப்பார்கள். அவர்களுக்கும் ஒரு கும்பிடு உண்டு. யார் கண்டது, அவர்களில் ஒருவராகவும் இருக்கலாம்.

போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், பாறை முனையருகே ஒரு காய்கறிப் படகு எஞ்சின் நின்று பாறையைப் பார்த்து மிதந்துகொண்டிருந்தது. உள்ளே கணவனும் மனைவியும் கையாட்டிக் கத்தினார்கள். நேரம் தவறினால் ஆஸ்பத்திரியில் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். டிரைவர் மனைவியின் வீங்கிய பாதத்தைப் பார்த்தார். "போய் யாரையாச்சும் அனுப்பி வைப்போமா?"

"அன்னைக்கு அவருக்கு மட்டும் வேலைவெட்டி இல்லாமயா இருந்துச்சு?" என்று அந்த அம்மா குனிந்து கயிற்றை எடுத்தார்.

பக்கத்துத் துறையில் கொண்டு விட்டார்கள். அன்று ஆஸ்பத்திரியில் மதியம்வரை காத்திருக்க நேர்ந்தது வேறு விஷயம். "அண்ணே, பேரு என்னண்ணே? கயித்தை எங்க கொண்டாந்து குடுக்கட்டும்?" என்று காய்கறிக்காரர் கத்தினார். டிரைவர் தன் பக்கத்து முடிச்சை அவிழ்த்தார். கயிற்றைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு அவர்கள் படகுக்குள் எறிந்தார்.

மனைவி படகின் ஓரத்தை இரண்டு தட்டுத் தட்டினார். "போலாம், ரைட்!"

படகு திரும்பியது. வழக்கம்போல வலது கை வெளியே நீண்டது. திருப்பம் முடிந்து படகு நேராக ஓடத் தொடங்கிய பிறகும் அந்தக் கை உள்ளே வரவில்லை; துறையில் நின்ற இருவருக்கும் ஆடிக்கொண்டிருந்தது.