ஆம்பியர் முள் ஏறிய மத்தியானம்

ஏ.சி. கரண்டுக்குத்தான் பிளஸ், மைனஸ் கிடையாதே, ஒயரை எப்படி மாட்டினால் என்ன என்று நம்பிய அறிவாளி நான். அப்போது குன்னம் பக்கம் ஒரு பஞ்சு மில்லில் எலெக்ட்ரீஷியன். பழைய ஜெனரேட்டரோடு புதியதும் லோடைப் பங்குபோட்டு ஓட வேண்டும். அதற்காகப் புதியதின் வோல்டேஜ் ரெகுலேட்டரில், கரண்டை அளந்து சொல்லும் சின்ன சி.டி. ஒன்றைச் சேர்த்தேன்.

"ரெகுலேட்டர் போச்சுன்னா சீசன் போச்சு, உன் வேலையும் போச்சு" என்றிருந்தார் முதலாளி.

இரண்டையும் இணைத்ததும் ஆம்பியர் முள் கிடுகிடுவென ஏறியது. ஜெனரேட்டர் உறுமியது.

"ஓடுங்க, வெடிக்கப் போவுது!" என்று கத்தினேன். முதலில் ஓடியவனும் நான்தான். பஞ்சு மூட்டைக்குப் பின்னால் குந்திக்கொண்டு, தெரிந்த சாமிக்கெல்லாம் மொட்டை நேர்ந்தேன். ஏற்கெனவே பாதி வழுக்கை என்பதைச் சாமியிடம் சொல்லவில்லை.

உறுமல் நின்றது. ஆபரேட்டர் முருகேசன் எட்டிப் பார்த்தான்.

"வாங்கண்ணே, பிரேக்கரை நான் எறக்கிட்டேன். ஓடுற ஓட்டத்துல நீங்களே அதைத் தட்டிட்டுப் போயிருக்கலாம்ல?"

சி.டி.யின் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றிப் போட்டேன். மறுபடி இணைத்தோம். வாசல் பக்கமே ஒரு காலை வைத்திருந்தேன். முள் பாதியிலேயே நின்றது. ரெகுலேட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏ.சி.யே ஆனாலும் சி.டி. ஒயருக்குத் திசை உண்டாம்; நான் தலைகீழாக மாட்டியிருந்ததில், கரண்டைக் குறைக்க வேண்டிய ரெகுலேட்டர் அதை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறது, அவ்வளவுதான்.