வெறுங்கல்லறைக்கு இடம் கொடுத்தவர்

விழுப்புரம் பேருந்து நிலையத்தில் திண்டிவனம் வண்டிக்கு நின்றிருந்தபோது தொலைபேசி வந்தது. "திரேசா அக்கா காலையில தவறிட்டாங்க சார்" என்றார் பழைய வார்டு ஆயா. அக்காவைப் பார்க்கத்தான் கிளம்பியிருந்தேன். பையில் அவருக்காக வாங்கிய, அவர் மல்லாட்டை என்று சொல்லும் வறுத்த வேர்க்கடலை இருந்தது. யாருக்காகவும் காத்திருக்கும் பழக்கம் அவருக்கு என்றைக்குமே இருந்ததில்லை.

திண்டிவனத்தில் ஒரு மருத்துவமனையில் அவர் செவிலியர், நான் மருந்தாளுநர். மருந்து சற்றுத் தாமதமானால் சன்னலில் வந்து நிற்பார். "இன்னா சார், நோயாளியே எழுந்து வந்து வாங்கிக்கட்டுமா?" என்பார். பிள்ளைகள் இல்லாதவர். கணவர் போனபின், கல்லறைத் தோட்டத்தில் அவருக்குப் பக்கத்திலேயே தமக்கும் ஓர் இடம் வாங்கி வைத்திருந்தார்.

ஈழத்தில் போர் முடிந்த ஆண்டு கல்லறைத் திருநாளன்று என்னையும் அங்கே அழைத்துப்போனார். குடும்பம் குடும்பமாகத் தத்தம் கல்லறைக்குப் பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றி நின்றார்கள். பங்குச் சாமியார் ஒவ்வொன்றாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு வந்தார். அகதி முகாமிலிருந்து வந்த பெண்கள் மட்டும் மெழுகுவத்தியைக் கையில் பிடித்தபடி மதிலோரம் நின்றார்கள். அவர்களுடைய ஆட்கள் செத்த இடத்தில் குழியுமில்லை, சிலுவையுமில்லை. மந்திரிக்க எதுவும் இல்லாததால் சாமியார் அவர்களைக் கடந்து போய்விட்டார்.

மறுநாளே அக்கா கொத்தனாரைக் கூப்பிட்டுத் தம்முடைய இடத்தில் ஒரு வெறுங்கல்லறை கட்டச் சொன்னார். உறவினர்கள் கொதித்துப்போனார்கள். "ஆள் இல்லாம கல்லறை கட்டினா அது ஆள் கேக்கும்" என்று பயமுறுத்தினார்கள்.

"கேட்டா நான் போறேன். எனக்குன்னு வாங்கின எடந்தானே? அதுவரைக்கும் அவங்க அழுதுக்கினு நிக்க ஒரு எடம் வேணும்ல" என்றார் அக்கா. பெயர் எதுவும் பொறிக்க விடவில்லை. "ஒரு பேரு விட்டுப்போனாலும் அந்த வீட்டுக்கு அது இன்னொரு சாவு சார்."

அடுத்த ஆண்டு சாமியார் அந்தக் கல்லறை முன்னாலும் நின்றார். அந்தப் பெண்கள் வாய்விட்டு அழுததை அன்றுதான் கேட்டேன். அவர்களில் பிலோமினா என்ற தாய் மட்டும் எதையும் ஏற்றாமல் நின்றார். போரின் கடைசி நாட்களில் அவருடைய மகனைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். பிறகு தகவலே இல்லை. கையில் மெழுகுவத்தி இல்லாமல் நிற்கிறாரே என்று நினைத்து அக்காவே அவருக்காக ஒன்றை ஏற்றி வைத்துவிட்டார்.

பிலோமினா அதைப் பிடுங்கி அணைத்தார். "என்ர பிள்ளை செத்தவன் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?"

வார்டையே நடுங்க வைத்த அக்கா தலைகுனிந்து நின்றார். "தப்பு என்னுதுதாம்மா. இனிமே ஏத்த மாட்டேன்."

அதன்பின் ஞாயிறுதோறும் பூசையில் அந்தப் பையனுடைய பெயரை வாசிக்கச் செய்தார். இறந்தவர்களோடு அல்ல, தூரத்தில் இருக்கும் பிள்ளைகளோடு. காய்ச்சலில் கிடந்தாலும் ஆளனுப்பி நினைவூட்டுவார். அழ வந்தவர்களுக்கு இடம் கொடுத்தார், அழ மறுத்தவருக்குக் காவலாக நின்றார். இப்படியொருவருடன் வேலை பார்த்தேன் என்பதில் எனக்குப் பெருமை. அதை அவரிடம் சொல்லியிருந்தால், "ஜல்தியா மருந்தக் கட்டுங்க சார்" என்றுதான் சொல்லியிருப்பார்.

நேற்று அந்தக் கல்லறையைத் திறந்து, கணவருக்குப் பக்கத்தில் அவரை வைத்தோம். முகாம் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பெட்டியை மூடப்போகும்போது பிலோமினா முன்னே வந்து, குனிந்து அக்காவின் கன்னத்தைத் தொட்டார்.

"அக்கா, அங்க என்ர பிள்ளையைக் கண்டா, அம்மா இன்னும் தேடுறா எண்டு சொல்லுங்கோ. காணாட்டி இன்னும் சந்தோசம்."

போய் வாருங்கள் அக்கா. நீங்கள் அவனை அங்கே காணவே வேண்டாம்.