பிரேக் அக்கா

தெருமுனையில் குந்தி உட்கார்ந்திருக்கிறார் பிரேக் அக்கா. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, மதிலுக்கு அந்தப் பக்கம் என்ன தெரிகிறது என்று பார்க்கிறார். பின்னால் ஆட்டோக்காரர் ஹாரனில் வைத்த கையை எடுப்பதாக இல்லை.

"அடி, நல்லா அடி. என்னைப் பாத்துட்டல்ல? பந்துக்குப் பின்னாடி ஓடி வர்ற புள்ளையப் பாப்பியான்னுதான் உக்காந்து பாக்கறேன்."

ஒரு குழந்தையின் கண்மட்டத்தில் தெரு எப்படித் தெரிகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளாமல் அவர் எந்த நிலத்தையும் மனைகளாகப் பிரித்து வரைவதில்லை. மனை வரைவதுதான் அவர் தொழில். நீளமான நேர்த்தெருவைக் கண்டால் முகம் சுளிப்பார். "இது தெருவா, பந்தய மைதானமா?" என்று நடுவில் ஒரு வளைவு போட்டுவிடுவார். வேகத்துக்குத் தடை போடுவதால்தான் ஊரில் இந்தப் பெயர். மூலை மனைகளின் கூர்முனையைச் சாய்த்து வெட்டி, அந்தத் துண்டைத் தெருவுக்கு விட்டுவிடுவார். திரும்புகிறவன் கண்ணுக்கு எதிரே வருகிறவன் தெரிய வேண்டுமாம்.

தண்ணீர் லாரி ஓட்டும் கணவர், "நீ வெட்டின முனையில திரும்பறப்பதான் எனக்கு மூச்சே ஒழுங்கா வருது" என்பார். எட்டாவது படிக்கும் மகளோ, அம்மா தெருவில் குந்திவிட்டால் யாரோ என்பதுபோல் எதிர்ப்பக்கம் நடையைக் கட்டிவிடுவாள்.

டயர் கடை மாடியில் இருந்தது அவர் வேலை பார்த்த நிலவணிக அலுவலகம். நாள் முழுக்க ரப்பர் வாடை. போன வருடம் நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு நிலம் வந்தது. சாலைக்கு முதுகு காட்டி, உள்தெருவில் வாசல் வைத்து, எல்லோருக்கும் ஒரே நுழைவழியாக வரைந்து கொடுத்தார். முதலாளி தாளைத் தூக்கிப் போட்டார்.

"மெயின் ரோட்டைப் பாத்த மனைக்குத்தாம்மா மவுசு. ஒவ்வொண்ணுக்கும் ரோட்டுலயே கேட் வெச்சு வரை."

"காலையில அவசரமா ஆபீஸ் கிளம்பறவன் காரைப் பின்னால எடுத்தா, நேரா பஸ் மடியில போய் உக்காருவான் சார்."

"முனையை வேற வெட்டி வெச்சிருக்க. என் நிலத்தைத் தெருவுக்குத் தானம் பண்ண நீ யாரு?"

"வரையறவ. இதை வரைய மாட்டேன்னு சொல்றவளும் நான்தான்."

தன் அளவுகோலையும் பென்சில்களையும் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டார். கணவரின் லாரி அப்போது பட்டறையில் கிடந்தது. வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது இவர் சம்பளம் மட்டும்தான். "பயமில்லாம இருக்குமா? பயந்துக்கிட்டேதான் இறங்கினேன். ஆனா இறங்கினேன்ல?" என்று இப்போதும் கேட்கிறார்.

முதலாளி வேறொருவரை வைத்துத் தன் விருப்பப்படி வரைந்துகொண்டார். விற்பனை தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை, பந்தலும் ஒலிபெருக்கியும் அமர்க்களப்பட்டன. அக்கா போய்ச் சாலையோரத்தில் நின்றார். வருகிறவர்களிடமெல்லாம் ஒரே பேச்சு: "காரை மனைக்குள்ள விட்டுட்டு, ரிவர்ஸ்ல ரோட்டுக்கு எடுத்துப் பாருங்க. அப்புறம் வாங்குங்க."

மேலாளர் ஓடி வந்தார். "இங்க உனக்கென்னம்மா வேலை?"

"ரோடு உங்க அப்பா வீட்டுதா? நிக்கறேன்."

கைக்குழந்தையோடு வந்த ஒரு தம்பதி எடுத்துப் பார்த்தார்கள். காரின் பின்பக்கம் சாலையில் எட்டிப் பார்த்ததுதான் தாமதம், ஒரு பேருந்து அலறிக்கொண்டு மயிரிழையில் விலகிப் போனது. கணவன் பிரேக்கை மிதித்தபடியே உறைந்துவிட்டான். மனைவி குழந்தையை அணைத்துக்கொண்டு இறங்கினாள். "வீடும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றாள். அதை நாலு பேர் பார்த்தார்கள். நாற்பது பேர் காதுக்குப் போனது. பந்தல் மளமளவென்று காலியாயிற்று.

அடுத்த வாரம் முதலாளியே அக்கா வீட்டுக்கு வந்தார். மகள் தரையில் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். அவர் புது வரைபடத்தை மேசையில் விரித்தார். வாசல்களெல்லாம் உள்தெருவுக்குத் திரும்பியிருந்தன.

"எல்லாம் நீ சொன்னபடிதாம்மா. மத்த முனையெல்லாம் வெட்டியாச்சு. நுழையற இடத்துல இந்த ஒண்ணை மட்டும் விட்டுடு. என் மச்சான் அங்க கடை கட்டணுங்கறான். நாளைக்கே வேலைக்கு வந்துடு."

அந்த மனை தாளின் மூலையில் இருந்தது. அக்கா குனிந்து மகள் கையிலிருந்த கத்தரிக்கோலை வாங்கினார். தாளின் முனையைச் சாய்வாக நறுக்கி, விழுந்த முக்கோணத் துண்டை எடுத்து முதலாளியின் உள்ளங்கையில் வைத்தார்.