பிளக்கின் மூன்றாவது ஓட்டை

பல்லடத்தில் எங்கள் வீட்டை ஒட்டியே தறிக்கூடம். என் முதல் கம்ப்யூட்டரைக் குறைந்த செலவில் நானே அசெம்பிள் செய்ய நினைத்துப் பட்டியல் போட்டேன்: பிராசசர், போர்டு, ராம், கிராபிக்ஸ் கார்டு. தறி ஓடும்போதெல்லாம் விளக்கு மங்குவதால் பவர் சப்ளையை மட்டும் நல்லதாக எழுதினேன். கடைசியாக, அதைச் செருகப்போகும் பிளக் பாயிண்டை மீட்டர் வைத்துப் பார்த்தேன். மூன்றாவது ஓட்டையில் எர்த் இல்லை. கசியும் கரண்டைத் தரைக்குள் இறக்கும் கம்பியே உள்ளே போகவில்லை.

அப்பாவிடம் சொன்னேன்.

"ஊடு கட்டுனதுல இருந்தே இல்ல கண்ணு. தொட்டாச் சுர்ருங்கும், அவ்வளவுதான்."

"தறியும் அப்படித்தானுங்களாப்பா?"

"தறியுந்தான். அதுக்குத்தான உங்கம்மா செருப்போட நிக்கறா. உன்ற கம்ப்யூட்டருக்கும் ஒரு ஜோடி வாங்கிப்போடு."

பஞ்சுத்தூசிக்காகத்தான் அம்மா செருப்புப் போடுகிறாள் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன். கூடத்துக்குப் போனேன். மழை ஒழுகித் தரை நனைந்திருந்தது. வார் அறுந்த செருப்பு வாசலிலேயே கிடந்தது. ஓடும் தறிகளுக்கு நடுவே அம்மா வெறுங்காலோடு போய்க்கொண்டிருந்தாள்.

மெயினை அணைத்தேன். எல்லாத் தறிகளும் ஒன்றாக நின்றன.

"ஏங் கண்ணு, கரண்டு போயிருச்சா?" என்றாள் அம்மா.

பட்டியலில் கிராபிக்ஸ் கார்டை அடித்துவிட்டு, அந்தப் பணத்தில் எர்த் குழி தோண்ட எலக்ட்ரீஷியனுக்குச் சொன்னேன். அவர் வரும்வரை மெயின் சுவிட்சின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். தறியைப் போடலாமா என்று அப்பா அடிக்கடி வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.